தேர் வடம் கட்டிய கப்பல்

காஞ்சிபுரத்துக்குக் கப்பல் எப்போது வந்தது என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. கேட்டுவிட்டு, உலகத்திலேயே தனக்குத்தான் முதலில் தோன்றியதுபோல ஒரு சிரிப்பும் சிரிப்பார்கள். ஆரம்பத்தில் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம், "பட்டுப்புடவையில மயில் போடறாங்களே, மயிலு வந்து ஆர்டர் குடுத்துதா?" என்று கேட்டுவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறேன்.

நான் செய்வது கப்பல் சாமான்கள். கடலில் போகிறவை அல்ல, வீட்டுச் சுவரில் மாட்டுகிறவை. பழைய சைக்கிள் ரிம்மில் உடைந்த கட்டில் கால்களை அறுத்துப் பொருத்தினால் கப்பல் ஓட்டும் சக்கரம். ஓட்டை விழுந்த அன்னக்கூடையின் விளிம்பை வெட்டியெடுத்துக் கண்ணாடி பதித்தால் கப்பல் ஜன்னல். ஐயம்பேட்டை நெசவுக்காரர் வீடுகளில் கழித்துப் போடும் நாடா, அதாவது தறியில் குறுக்கே நூல் ஓட்டுகிற கட்டை, யாரும் கேட்காமலே படகு மாதிரிதான் இருக்கும். அதன் நடுவில் ஒரு குச்சி நட்டு, பொத்தல் பொத்தலாக இருக்கும் பழைய தறி டிசைன் அட்டையைப் பாயாகக் கட்டினால் மேசைமேல் வைக்கிற பாய்மரப் படகு. பசையும் பெயிண்டும் தவிர எதையும் நான் புதிதாக வாங்குவதில்லை. ஊர் வேண்டாம் என்று எறிவதே எனக்குத் தாராளமாகப் போதும்.

இந்தத் தொழிலுக்கு நான் வந்தது ஒரு தப்பினால். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் காண்டிராக்ட் வேலை. கப்பலில் வரும் இயந்திரப் பெட்டிகளைப் பிரித்து வைக்க வேண்டும். பெட்டிக்கு அடியில் மரச்சட்டம் இருக்கும், பேலட் என்பார்கள். எந்த நாட்டு எழுத்தோ அதில் முத்திரை குத்தியிருக்கும். ஒரு நாள் என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கொஞ்ச நாள் கழித்துக் காயலான் கடைக்குப் போனால் அதே சட்டங்கள் அங்கே குவிந்து கிடந்தன. எத்தனை கடல் தாண்டி வந்த மரம், அதை ஹோட்டல் அடுப்புக்கு எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலைந்தை வாங்கி வந்து, கைக்கு வந்தபடி அறுத்து ஒரு ஷெல்ஃப் செய்தேன். அளவு தப்பி, நடுவில் அகன்று, இரண்டு முனையும் குறுகிப்போனது. அழாத குறை. பார்க்க வந்த ஒருவர், படகு ஷெல்ஃப் பிரமாதம் என்று சொல்லிக் கையோடு எடுத்துப் போனார். அன்றிலிருந்து அந்தத் தப்பை வேண்டுமென்றே செய்துகொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் காஞ்சிபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற தூரம்தான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் எங்கள் தெரு. கோயிலும் தேரும் தேர்க் கொட்டகையும் அந்தப் பக்கம். அந்தப் பக்கத்து நிலங்களில் கூலி வேலை செய்து எங்களை வளர்த்தவர் என் அப்பா. தேர் எங்கள் தெருவுக்குள் வராது. முக்கு வரைக்கும் வந்து திரும்பிவிடும்.

அந்தத் தேருக்கு யாரோ ஒருவர் இரும்புச் சங்கிலி உபயம் செய்தார். அதோடு பழைய வடத்துக்கு வேலை போயிற்று. தேங்காய் நாரில் முறுக்கிய வடம், என் முழங்கை கனம். கொட்டகைக்குப் பின்னால் உடைந்த டியூப்லைட்டுகளோடும் கல்யாண வீட்டு எச்சில் இலைகளோடும் இரண்டு மழைக்காலம் நனைந்து கிடந்தது. கப்பலைக் கரையில் கட்டுகிற மாதிரி ஒரு கயிறு கிடைக்காதா என்று நான் தேடிக்கொண்டிருந்த நேரம். திருட்டுத்தனமாக எடுக்கவில்லை. தேர்க் கமிட்டித் தலைவரிடமே நேரில் போய்க் கேட்டேன்.

"அதுவா? பாம்பு பூந்துக்கினு கிடக்குதும்மா அதுல. எட்துக்கினு போ, எடம் சுத்தமாவட்டும்" என்றார். செல்போனில் இருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

மினி வேனில் ஏற்றி வந்து வாசலில் இறக்கினேன். பூந்திக்கொட்டை போட்டு ஊறவைத்துத் தேய்த்ததில் கருப்பாக ஒரு சாறு இறங்கியது. அத்தனையும் உள்ளங்கை வியர்வை. வருஷா வருஷம் பிடித்து இழுத்த எத்தனையோ பேருடைய கை. மூன்று நாள் வெயிலில் காய்ந்த பிறகு வடம் தேன் நிறத்துக்கு வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அப்பாவுக்குத்தான் முகம் சரியில்லை. வடத்தை ஒதுக்கிச் சுற்றியே நடந்தார், ஒரு தடவைகூடத் தாண்டவில்லை. பக்கத்தில் கிடந்த செருப்புகளை எடுத்துத் தூரமாக வைத்தார். தொடவும் இல்லை.

ஏன் தொடவில்லை என்பது எனக்குத் தெரியும். அப்பா வயசுப்பிள்ளையாக இருந்த காலத்தில் எங்கள் தெரு ஆட்கள் வடம் பிடிக்கக் கூடாது. பிறகு காலம் மாறிவிட்டது என்றார்கள். யாரும் தடுக்க மாட்டார்கள் என்றார்கள். நான் நாலாவதோ ஐந்தாவதோ படிக்கும்போது, அப்பா தலைக்குக் குளித்து, புது வேட்டி கட்டி, என் கையைப் பிடித்துக்கொண்டு தேருக்குப் போனார். தடுக்கத்தான் இல்லை. "வடத்துல எடம் இல்லப்பா, அப்புறம் பாக்கலாம்" என்று ஒருவர் சிரித்த முகமாகச் சொன்னார். அப்பா தலையாட்டிவிட்டு ஒதுங்கி நின்றார். வடத்தின் வால் பக்கம் பத்து முழம், பிடிக்க ஆளில்லாமல் தரையில் புரண்டுகொண்டு போனது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா சட்டென்று என் கையை இழுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அம்மா கேட்டதற்குக் கூட்டம் ஜாஸ்தி என்றார்.

வடம் வந்த சமயத்தில்தான் கோவளம் பக்கம் ஒரு கடற்கரை ஹோட்டலில் இருந்து பெரிய ஆர்டர் வந்தது. வாசலில் வருகிறவர்களை வரவேற்கும் மேசை, முழுப் படகு வடிவத்தில் வேண்டும் என்றார்கள். அதுவரை நான் செய்ததெல்லாம் சில்லறைச் சாமான். இது சரியாக வந்தால் இனி என்னை யாரும் பார்த்துச் சிரிக்க முடியாது என்று நினைத்தேன். பேலட் மரத்தை இழைத்து இழைத்து இரண்டு மாதம் செய்தேன். விளிம்பைச் சுற்றி வடத்தை வைத்துக் கோணி ஊசியால் தைத்தேன். வடம் ஏறுகிற வரைக்கும் அது மாட்டுத் தொட்டி மாதிரி இருந்தது. ஏறிய பிறகு, கோவளத்துக்குத் தானாகவே போய்விடும் போல நின்றது. பெருமை தாங்காமல் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன்.

மறுநாள் காலையிலேயே கமிட்டித் தலைவர் எங்கள் வாசலில் நின்றார். கூட இரண்டு பேர். அவர் எங்கள் தெருவுக்குள் வந்து நான் பார்த்தது ஓட்டுக் கேட்கும்போது மட்டும்தான்.

"இன்னாப்பா, உன் பொண்ணு பெரிய ஆளாயிட்டா போல" என்றார் அப்பாவிடம். அப்பாவை விடப் பத்து வயது சின்னவர் அவர். அப்பா எழுந்து நின்று, "வாங்கய்யா" என்றார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

"ஏம்மா, சாமி வடத்த கொண்டும்போய் ஓட்டல்ல வெப்பியா? குடிக்கிறவன் வருவான், கறி துன்றவன் வருவான். அது இன்னா வெளையாட்டு சாமானா?"

"எச்சில் எலைல கிடந்தப்போ அது சாமி வடம் இல்லையா சார்?" என்றேன்.

"அது எங்க எடத்துல கிடந்துதும்மா."

அவ்வளவுதான் விஷயம். அவராகவே உடைத்துச் சொல்லிவிட்டார். ஹோட்டலுக்குப் போவது அவருக்குப் பிரச்சினையே இல்லை. குப்பையாக அங்கே கிடக்கலாம், அழகாக இங்கே இருக்கக் கூடாது. இத்தனை வருஷம் சிரித்த முகமாக மூடி வைத்திருந்ததை, ஒரு படகு மேசை வெளியே இழுத்துப் போட்டுவிட்டது.

"வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள பிரிச்சி கொண்டாந்து போட்டுடு" என்றார். "இல்லன்னா கோயில் சொத்து திருடு போச்சுன்னு எழுதிக் குடுக்க வேண்டி வரும். பொம்பள, யோசன பண்ணிக்கோ."

அதே வெள்ளிக்கிழமைதான் ஹோட்டல் வண்டி வருவதாக இருந்தது. வடத்தைப் பிரித்தால் மேசை இல்லை, மேசை இல்லை என்றால் இரண்டு மாத உழைப்பு அடுப்புக்கு. பிரிக்காவிட்டால் போலீஸ். ஆனால் அந்தப் பொம்பள என்ற சொல் காதில் விழுந்ததும் பயமெல்லாம் போய்விட்டது.

"எழுதறதுன்னா என்கிட்டயே எழுதிக் குடுங்க சார். இந்த வடத்த நாங்கதான் குப்பையில போட்டோம், எட்துக்கினு போன்னு நாங்கதான் சொன்னோம், இப்ப திரும்ப வேணும்னு. கமிட்டி சீலு வெச்சி, கையெழுத்து போட்டு குடுங்க. அந்த நிமிஷமே பிரிச்சித் தர்றேன்."

வெள்ளிக்கிழமை என்று விரலைக் காட்டிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் தலை மறைந்ததும் அப்பா ஆரம்பித்தார். "குடுத்துடும்மா. நாளைக்கு ஒண்ணுன்னா அவங்க முன்னாடிதான் நிக்கணும்."

"நின்னு நின்னுதான் உன் முட்டி தேஞ்சி போச்சு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு வாய் நிற்காது. "அன்னிக்கி எடம் இல்லன்னானே, வாலு பக்கம் பத்து முழம் சும்மா கிடந்துதே, அது உன் கண்ணுல படவே இல்லையா?"

"பட்டுது" என்றார் அப்பா. "நீ அதையே பாத்துக்கினு இருந்த. அதான் இட்டுக்கினு வந்துட்டேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் வாசலில் உட்கார்ந்து அழுதேன். கோபத்தில் வருகிற அழுகை அது, யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். வடத்தைத் தருவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஜெயிலில் வைத்தால் வைக்கட்டும், அங்கேயும் பழைய சாமான் கிடைக்காமலா போகும்?

வெள்ளிக்கிழமை காலையில் ஹோட்டல் வண்டி வந்தது. எழுத்தும் வரவில்லை, சீலும் வரவில்லை. வண்டி முக்கிலேயே நின்றுவிட்டது. கால்வாய் வேலைக்கு எங்கள் தெருவைத் தோண்டி, அரைகுறையாக மண் தள்ளிப் போட்டிருந்தார்கள். தூக்கிக்கொண்டு போக முடியாத கனம் அந்த மேசை. காயலான் கடையில் எப்போதோ வாங்கிய இஸ்திரி வண்டியின் அடித்தட்டு இருந்தது. தெரு ஆட்கள் சேர்ந்து படகை அதன்மேல் ஏற்றினார்கள். நாலடி போனதும் சக்கரம் புது மண்ணில் புதைந்தது. போர் மோட்டார் இறக்குகிற நைலான் கயிற்றைக் கட்டி இழுத்தோம். பட்டென்று அறுந்து, நாலு பேர் மல்லாந்து விழுந்தோம்.

மேசைக்குத் தைத்தது போக மீதி வடம் வீட்டில் இருந்தது. அதுவும் ஏறக்குறைய பத்து முழம். எடுத்து வந்து படகின் மூக்கில் கட்டினேன். பிடிங்க என்றேன். ஒருவரும் வரவில்லை. இத்தனை நேரம் கலகலவென்று இருந்தவர்கள், தேர் வடம் என்று தெரிந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யாரும் கூப்பிட்டுச் சொல்லாமலே எங்களுக்குள்ளேயும் அது அப்படி ஊறிப்போயிருந்தது.

அப்போது அப்பா வாசலில் இருந்து இறங்கி வந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் இறுகக் கட்டினார். குனிந்து வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முன்னால் போய்த் தலைப் பக்கம் பிடித்தார்.

"எல்லாரும் செருப்ப கழட்டுங்கப்பா" என்றார்.

தெருவே செருப்பைக் கழற்றியது. பிடிக்கக் கை நெருக்கியடித்தது. நான் அப்பாவுக்குப் பின்னால் பிடித்தேன். ஒரு இழுப்பில் சக்கரம் மண்ணை விட்டு மேலே வந்தது. அடுத்த இழுப்பில் படகு நகர்ந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியாது.

முக்கில் கமிட்டித் தலைவர் மோட்டார் பைக்கின்மேல் காலை ஊன்றி உட்கார்ந்திருந்தார். சொன்னபடி வெள்ளிக்கிழமை வந்துவிட்டார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் என்னென்னவோ ஆனது.

"இன்னாப்பா இது, தேரா இழுக்கறீங்க?" என்றார் அப்பாவைப் பார்த்து.

அப்பா நிற்கவில்லை. பிடியையும் விடவில்லை. குரல் மட்டும் எப்போதும்போலத் தணிவாகத்தான் இருந்தது.

"கப்பலுங்க" என்றார். "வடத்துல எடம் இருக்குதுங்க. செருப்ப கழட்டிட்டு வாங்க, வந்து புடிங்க."

அவர் வரவில்லை. பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். படகை வண்டியில் ஏற்றி அனுப்பினோம். மீதி வடத்தை அவிழ்த்து, சுருட்டி, என் வீட்டு வாசல் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன், ரோட்டில் போகிற எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி. அதில் எதுவும் செய்யவில்லை, விற்கவும் மாட்டேன். திருப்பிக் கேட்டு யாரும் இதுவரைக்கும் எழுதித் தரவில்லை.