முத்தையா உருக்கிய காட்மியம்

பழுத்த பூவரச இலையின் மஞ்சள். கண்ணாடித் துண்டின் மேல் படிந்திருந்த படலம் அந்த நிறத்தில்தான் இருந்தது... முத்தையா அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நிற்பான்.

அறுபதுகளின் நடுவில், புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் நாங்கள் இருவரும் பிசிக்ஸ் டெமான்ஸ்ட்ரேட்டர்கள். எனக்கு இலுப்பூர். அவனுக்குத் திருமயம் பக்கம், வியாபாரக் குடும்பம். கடையைப் பார்க்காமல் லேபே கதியென்று கிடக்கிறானே என்று வீட்டில் மனக்குறை. அவனுக்கோ வெயிலிலிருந்து கரண்ட் எடுக்க வேண்டும்.

"நம்மூர்ல வேற என்ன இருக்கு மாப்ள, வெயிலுதான இருக்கு" என்பான்.

காற்றை உறிஞ்சி எடுத்த ஜாடிக்குள் காட்மியம் சல்பைடைச் சூடாக்கினால், அது ஆவியாகிக் கண்ணாடியில் மெலிசாகப் படியும்; வெயில் பட்டால் அந்தப் படலத்திலிருந்து கரண்ட் வரும் என்பது அவன் கணக்கு. காற்றை உறிஞ்சும் பம்ப் ஒருநாள் நின்றுபோனது. ரிப்பேருக்கு மெட்ராஸ் போனது, திரும்பி வரவேயில்லை.

அவனால் காத்திருக்க முடியவில்லை. காட்மியத்தைப் பீங்கான் கிண்ணத்தில் போட்டு, பர்னரில் உருக்கிப் பார்த்திருக்கிறான். காற்றடித்தால் படலம் திட்டுத் திட்டாகிவிடும் என்று ஜன்னல்களைச் சாத்தியிருந்தான். வகுப்பு முடிந்து நான் கதவைத் திறந்தபோது உள்ளே ஒரே பழுப்புப் புகை. இருமிக்கொண்டே வெளியே வந்தான்.

"ஒண்ணுமில்ல மாப்ள, தொண்டதான் கமறுது."

சைக்கிளில்தான் வீட்டுக்குப் போனான். போனதும் காய்ச்சல். டாக்டர் ஃப்ளூ என்று மாத்திரை கொடுத்தார். மறுநாள் மூச்சு வாங்கியது. பிறகு படுக்கவே முடியவில்லை...

ஆஸ்பத்திரியில் அவன் மனைவி வள்ளியம்மை விசிறிக்கொண்டே இருந்தாள். அவன் போய்விட்டான் என்று நர்ஸ் சொன்ன பிறகும் நிறுத்தவில்லை. விசிறியை நான்தான் வாங்கிக் கீழே வைத்தேன்.

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவள் வந்த நேரம் சரியில்லை என்று அவன் வீட்டில் முடிவுகட்டி, பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சில மாதம் கழித்து மதுரையில் ஒரு பெரிய டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். காட்மியப் புகை, என்றார். முதலில் சளிக்காய்ச்சல் போலத்தான் இருக்குமாம், அப்புறம் நுரையீரலில் நீர் கோத்துவிடுமாம். நேராகப் பஸ் ஏறித் திருமயம் போய், முத்தையாவின் அம்மாவிடம் சொன்னேன்.

"அந்தப் பொகதாங்க ஆத்தா. அந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இல்லைங்க."

"பொக எல்லாரு வீட்லயுந்தான் வருது தம்பி. எம் மகன் மட்டும் ஏன் செத்தான்?"

வள்ளியம்மையிடமும் போனேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"தெரிஞ்சிருந்தா அவுக சன்னலத் தொறந்து வச்சிருப்பாகளா அண்ணே?"

"தொறந்திருப்பான் தங்கச்சி."

புருஷன் வீட்டிலிருந்து கடைசிவரை யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

இப்போது என் பேத்தி சோலார் பேனல் செய்யும் ஃபேக்டரியில் இருக்கிறாள். அங்கேயும் கண்ணாடி மேல் காட்மியப் படலம்தான்... மூடிய மெஷினுக்குள். போன் பேசும்போதெல்லாம் மாஸ்க் போட்டாயா என்று கேட்கிறேன்.

"அது இல்லாம உள்ளயே விடமாட்டாங்க தாத்தா. எப்பப் பாத்தாலும் இதையே கேக்குறீங்க."

கேட்கத்தான் செய்கிறேன். முத்தையாவிடம் அப்படிக் கேட்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.