திருநீற்றில் விழுந்த கோடு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்துக் கூட்டி போர்டைப் படிப்பதற்குள் பஸ் போய்விடும். ஆனால் ஒரு ஸ்பானரை என் கையில் கொடுங்கள். அசலா போலியா, எத்தனை காலம் உழைக்கும் என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகச் சொன்னாலும் தப்பில்லை. எழுபதுகளில் அவனியாபுரத்தில் நான் லாரிப் பட்டறை போட்ட பிறகு, டவுன் இரும்புக் கடைக்காரர்கள் என் தலையைக் கண்டாலே மட்டச் சாமானை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள்.

திருநகரிலிருந்து வாத்தியார்களும் ஆபீஸ்காரர்களும் சைக்கிளில் வருவார்கள். "வீட்டுக்கு ஒரு கட்டிங் பிளேயர் வாங்கணும். எந்தக் கம்பெனி நல்லதுண்ணே?" என்பார்கள். எம்.ஏ. படித்தவர் என்னை அண்ணே என்று கூப்பிடுவதைக் கேட்க நன்றாகத்தான் இருக்கும். கம்பெனிப் பெயரை இங்கே சொல்ல மாட்டேன்; அவர்கள் எனக்கு ஒரு டீகூட வாங்கித் தந்ததில்லை. பொதுவாகச் சொல்கிறேன். அசல் சாமானில் மார்க் இரும்போடு சேர்ந்து எழும்பியிருக்கும், எழுத்தின் ஓரம் விரலில் தட்டும். போலியில் பிறகு குத்தியது தெரியும், இல்லாவிட்டால் பெயிண்ட்டில் எழுதியிருப்பான். பிளேயரை மூடி வெயிலுக்கு நேராகப் பிடித்தால் வெட்டும் வாயில் வெளிச்சம் கசியக் கூடாது. ஸ்பானரை நூலில் தொங்கவிட்டுத் தட்டினால் நல்லது நின்று பாடும். கெட்டது "டொக்" என்று அப்போதே செத்துப்போகும்.

பழைய சாமானுக்குச் சோதனை வேறு. மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவி, துணியால் அழுத்தித் துடைத்து, மேலே சுண்ணாம்பைக் கரைத்துப் பூசிக் காயவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால், அதற்குள் போன எண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைப் பூச்சில் தலைமயிர் மாதிரி ஒரு கறுப்புக் கோடு விழும். கோடு விழுந்த சாமானைக் காயலான் கடைக்குத்தான் அனுப்ப வேண்டும். எங்கள் பக்கத்தில் இதைச் செய்துகொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

என்னிடம் வேலை பழகியவர்களில் கெட்டிக்காரன் ஒருவனுக்கு என் தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தேன். சில வருஷம் என் பட்டறையிலேயே இருந்தான். பிறகு காளவாசல் பக்கம் தனியாக ஷெட் போட்டான். அதில் எனக்கு வருத்தமில்லை. என்னைக் கேட்காமல் சாமான் வாங்க ஆரம்பித்தான், அதுதான் வருத்தம். ஸ்பானர் செட் வாங்கினான், தகரம் என்றேன். டிரில் மெஷின் வாங்கினான். ஒரு மாசத்தில் புகையும் என்றேன். சாணைக்கல் மாற்றினான், வெடிக்கும், மூஞ்சியைத் தள்ளி வைத்துக்கொள் என்றேன். அவையெல்லாம் ஒழுங்காக ஓடின என்பது வேறு விஷயம். நல்ல கம்பெனியாக இருந்தால் இன்னும் ஒழுங்காக ஓடியிருக்கும்.

அந்த வருஷம் ஆயுத பூசைக்குக் கொஞ்ச நாள் முன்னால், திருமங்கலம் பக்கம் மூடிப்போன ஒரு ரைஸ் மில்லிலிருந்து செயின் பிளாக் ஒன்றைப் பழையதாக வாங்கினான். சங்கிலியை இழுத்து எஞ்சினைத் தூக்குவோமே, அது. பூசைக்கு என்னைக் கூப்பிட அவனே வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"மச்சான், இந்தத் தடவ நீங்க வாயே தொறக்க முடியாது. நீங்க எப்பவும் சொல்ற கம்பெனிதான். மார்க்கத் தடவிப் பாருங்க வந்து."

சாயங்காலம் போனேன். காலையிலேயே எல்லாச் சாமானையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வரிசையாக அடுக்கியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் திருநீறு குழைத்துப் பூசிப் பொட்டு வைத்திருந்தது. செயின் பிளாக்கை மேலே கர்டரில் தொங்கவிட்டு மாலை போட்டிருந்தான். மார்க்கைத் தடவினேன். அசல். மனதுக்குள் ஒத்துக்கொண்டேன், வெளியே சொல்லவில்லை. பிறகு கொக்கியைப் பார்த்தேன்.

கொக்கி அந்தக் கம்பெனியுடையது இல்லை. பழையது போய் யாரோ மாற்றிப் போட்டது. கம்பெனிக் கொக்கி அடித்துச் செய்தது. தாங்க முடியாவிட்டால் முதலில் வாய் அகலும், பார்த்துச் சுதாரிக்கலாம். இது வார்ப்பு. வார்ப்பு ஒன்றும் காட்டாது, ஒரேயடியாக ஒடியும். அதன் கழுத்தில் பூசிய திருநீறு காய்ந்திருந்தது. காய்ந்த திருநீற்றுக்குக் குறுக்கே மயிர் மாதிரி ஒரு கறுப்புக் கோடு. நான் சுண்ணாம்பில் செய்கிற சோதனையை அன்றைக்குத் திருநீறு செய்திருந்தது.

"மாப்ள, இத எறக்கு."

"ஏன் மச்சான்?"

"ஒடம்புதான் கம்பெனி. கொக்கி வார்ப்பு. கழுத்துல விரிசல் இருக்கு. பாரு, கோடு விழுந்திருக்கு."

அவனிடம் வேலை பார்த்த மெக்கானிக் ஒருவன் பின்னாலிருந்து, "அண்ணன் கண்ணுக்குப் பொங்கச் சோத்துலயும் விரிசல் தெரியும்ல," என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. "ஸ்பானரு தகரம்னீங்க. டிரில்லு பொகையும்னீங்க. கல்லு வெடிக்கும்னீங்க. இதுல எது மச்சான் நடந்துச்சு?"

"இது வேற மாப்ள."

"ஒவ்வொரு தடவயும் வேறதான்."

நான் கொக்கியைக் கழற்றக் கையை உயர்த்தினேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "பூசையில இருக்கிற சாமான் மச்சான். நாளைக்கு மறுபூச முடிஞ்சுதான் எடுக்கணும்."

தங்கச்சி தாம்பாளத்தோடு வந்தாள். "நல்ல நாளும் அதுவுமா ஒடியும் வெடிக்கும்னு பேசாதண்ணே. இந்தா, பொரியச் சாப்பிடு."

மாப்பிள்ளை அந்தத் தாம்பாளத்திலிருந்து ஒரு விரல் திருநீறு எடுத்தான். கொக்கியின் கழுத்தில் அந்தக் கோட்டின் மேலே அழுத்தித் தேய்த்தான். "இப்பத் தெரியுதா மச்சான்?" என்றான்.

தெரியவில்லைதான். மறுபடியும் சிரிப்பு. நான் பொரியைத் தொடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் விஜயதசமி. மறுபூசை முடிந்து சாமானை எடுத்தால், சாஸ்திரத்துக்காவது ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வேலை செய்ய வேண்டும். என் பட்டறையில் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அங்கே அவன், வேலைக்கு நின்றிருந்த ஒரு வேனின் எஞ்சினை அந்தச் செயின் பிளாக்கில் தூக்கியிருக்கிறான். புதுச் சாமானுக்கு முதல் வேலை தன் கையால் என்று, குனிந்து எஞ்சினைத் திருப்பிப் பிடித்திருக்கிறான். கொக்கி கழுத்தில் ஒடிந்தது.

தகவல் வந்து நான் காளவாசல் போய்ச் சேர்ந்தபோது அவனைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள். எஞ்சின் தரையில் சாய்ந்து கிடந்தது. சிந்தின ஆயிலில் நேற்றைய பொரி ஊறிக் கறுத்திருந்தது. முந்தின நாள் கேலி பேசிய மெக்கானிக் சுவரோரம் குந்தியிருந்தான். என்னைப் பார்த்ததும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். நான் தேடி ஒடிந்த கொக்கியை எடுத்தேன். ஒடிந்த முகத்தில் பாதிக்கு மேல் கறுப்பு, மீதி பளபளவென்று வெள்ளி. கறுப்பு என்றால் பழைய விரிசல். பளபளப்பு அன்றைக்கு ஒடிந்த இடம். துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டேன். காட்டத்தான் எடுத்தேன். வேறெதற்கு?

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கச்சி தரையில் உட்கார்ந்திருந்தாள். அவனுக்கு நெஞ்சுக்கூடு நொறுங்கிப் போயிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து துண்டைப் பிரித்தேன்.

"பாரும்மா. இந்தக் கறுப்பு பழைய விரிசல். நேத்தே சொன்னேன்ல."

அவள் அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என் மடியில் வைத்தாள்.

"நீ எதத்தாண்ணே சொல்லல? அவரு வாங்குன ஒவ்வொண்ணயும் சொன்ன. அம்புட்டுலயும் இது ஒண்ணுதான் நெசம்னு அவரு எப்படிண்ணே கண்டுபிடிப்பாரு?"

"நெசமாத்தானே போச்சு?" என்றேன்.

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள், அவள் எழுந்து போனாள். பொழுது சாயும் முன் அவன் போய்விட்டான்.

ஷெட்டில் இருந்த சாமானையெல்லாம் வெளியூர் ஆள் ஒருவரை வைத்து மதிப்புப் போட்டு விற்றாள். மதுரை முழுக்க என்னைத் தேடி வருகிறார்கள், கூடப்பிறந்தவள் கூப்பிடவில்லை. பிறகு திருநகரைத் தாண்டி, கிணறு உள்ள ஒரு சின்ன வீட்டில் குடியிருந்தாள். நல்லது கெட்டதுக்கு நான் போவேன். வா என்பாள், காப்பி தருவாள். குறை சொல்ல முடியாது.

எண்பதுகளில் ஒரு நாள் போனபோது கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள். வாளி இறைக்கிற கப்பி தேய்ந்துபோய்ப் புதிதாக வாங்கியிருந்தாள். பக்கத்தில் ஒரு தகர டப்பாவில் மண்ணெண்ணெய், ஒரு கொட்டாங்குச்சியில் கரைத்த சுண்ணாம்பு. கப்பியின் கொக்கியை என் முறைப்படியே கழுவி, அழுத்தித் துடைத்து, ஓரம் விடாமல் பூசிக்கொண்டிருந்தாள்.

தள்ளி நின்றபடியே எனக்குத் தெரிந்துவிட்டது. அடித்துச் செய்த கொக்கி, நல்ல கம்பெனி, ஒரு குறையும் இல்லை. "இங்க குடு, நான் சொல்றேன்," என்று கையை நீட்டினேன்.

"இருண்ணே. காயட்டும்."

கப்பியை வெயிலில் துவைக்கல்மேல் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். நானும் உட்கார்ந்தேன். நல்ல சாமான் என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. அவள் என் பக்கம் திரும்பவில்லை. சுண்ணாம்பு வெளுப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.