ஒரே கேமராவில் இரண்டு நேர்காணல்

தெருவில் எல்லோரும் அவரை ‘ஒயர் அண்ணன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில் வேலை. எதையாவது எதனோடாவது இணைக்காவிட்டால் மனிதருக்குச் சாப்பாடு இறங்காது. ஹாலில் இருக்கும் பிரிண்டரைக் குளியலறை வாசலில் நின்று இயக்கிக் காட்டி, மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

முதலாளி கடையை மூடப்போவதாகச் சொன்னதும் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே வேலை தேடினார்கள். வாய்ப்பும் சேர்ந்தே வந்து தொலைத்தது. அவருக்கு ஒரு இன்டர்நெட் கம்பெனியில், அவளுக்கு ஒரு பிரசவ மருத்துவமனையின் விசாரணைப் பிரிவில். ஒரே நாள், ஒரே நேரம், இரண்டும் வீடியோவில். அவளுடைய லேப்டாப்பில் கேமரா செத்துக் கிடந்தது. வீட்டில் உருப்படியாக இருந்தது ஹால் கம்ப்யூட்டரின் தலையில் மாட்டியிருந்த ஒன்றுதான்.

அண்ணனுக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டது. அந்தக் கேமராவை வீட்டு நெட்வொர்க்கில் பகிர்ந்துவிட்டால் இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே சமயத்தில் படம் வரும் என்றார். அன்று சாயங்காலமே அதற்கான மென்பொருளை ஏற்றி, லேப்டாப்பை ஹாலில் வைத்து இருவரும் தோளோடு தோள் உட்கார்ந்து சோதித்தார்கள். இரண்டு திரையிலும் இரண்டு பேரும் பளிச்சென்று தெரிந்தார்கள். அவள் கைதட்டினாள். கேமரா தன் முன்னால் இருப்பவரைத்தான் காட்டும் என்பது இருவருக்குமே உறைக்கவில்லை.

மறுநாள் நேர்காணலுக்கு அவர் ஹாலில் உட்கார்ந்தார். அவள் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு வணக்கம் சொன்னாள். மருத்துவமனைத் தலைமை நர்ஸ் பார்த்த திரையில், டை கட்டிய மீசைக்காரர் ஒருவர் கையை ஆட்டி யாருக்கோ எதையோ விளக்கிக்கொண்டிருந்தார்.

“பேசறது நீங்கதானே?”

“பேசறது நான்தான் மேடம். தெரியறது என் வீட்டுக்காரர்.”

சொல்லிவிட்டு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு ஓடி, அவர் நாற்காலியில் பாதியைப் பிடுங்கி உட்கார்ந்தாள். கம்பெனிக்காரர்கள் அப்போதுதான், லைன் அறுந்துபோய்க் கத்துகிற வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டிருந்தார்கள். அண்ணன் கேபிளிலிருந்து ஆரம்பித்தார். கேள்வி தனக்குத்தான் என்று நினைத்த அவளோ முந்திக்கொண்டு, வாடிக்கையாளர் திட்டி முடிக்கும்வரை முதலில் விட்டுவிடவேண்டும் என்றாள். கம்பெனிப் பெரியவர் குலுங்கிச் சிரித்தார். அதற்குள் லேப்டாப்பிலிருந்து நர்ஸ், ஒரு கேமரா எப்படி இரண்டு இடத்தில் தெரிகிறது என்று கேட்க, அண்ணன் தன் கம்பெனியை மறந்து அந்தப் பக்கம் திரும்பி விலாவாரியாக விளக்க ஆரம்பித்தார். அவள் சிரிப்புத் தாங்காமல் நாற்காலியிலிருந்து நழுவினாள். பிடிக்கப்போன அவரும் விழுந்தார். இரண்டு திரையிலும் வெறும் சுவர்.

இரண்டு வேலையும் போச்சு என்று, வயிறு வலிக்கத் தரையிலேயே கிடந்து சிரித்தார்கள்.

கம்பெனி மரியாதையாகக் கைவிரித்தது. ஆனால் மருத்துவமனையிலிருந்து நர்ஸ் அழைத்து, அவளுக்கு வேலை உறுதி என்று சொன்ன கையோடு, மீசைக்காரரிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். குழந்தைகளைத் தனியாக வைத்திருக்கும் அறையில் ஒரு கேமரா இருக்கிறதாம். எழுந்து நடக்க முடியாத தாய்மார்கள் கட்டிலிலிருந்தே அந்தப் படத்தைத் தங்கள் போனில் பார்க்க வழி செய்ய முடியுமா என்று கேட்டார். சம்பளம் எவ்வளவு என்றுகூட அண்ணன் கேட்கவில்லை.

“எத்தனை கட்டில் மேடம்?”

இணைப்புக் கொடுத்த அன்று உள்ளே ஏதோ ஒரு குழந்தை தும்மியது. வார்டு முழுக்க ஒரே நேரத்தில் சிரிப்பு. தும்மினது தன் பிள்ளைதான் என்று ஒவ்வொருத்தியும் அடித்துச் சொன்னாள். அண்ணன் கையில் ஒயரோடு நடைபாதையில் நின்று, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.