உட்கார்ந்தே போக வேண்டிய தூரம்

என் அக்கா வீட்டுக்காரரை ஹோட்டலில் எல்லோரும் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருட சர்வர். ஒரு கையில் நாலு தட்டை அடுக்கிக்கொண்டு மறு கையால் மேஜை துடைக்கிறவர். வீட்டிலும் நின்றுகொண்டேதான் சாப்பிடுவார். முடி வெட்டப் போனால் பாதியில் எழுந்து தெருவை எட்டிப் பார்த்துவிட்டு வருவார். அதனால் அவருடைய கிருதா என்றைக்கும் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கித்தான் இருக்கும்.

இப்படிப்பட்ட மனிதருக்கு மகள் விமான டிக்கெட் அனுப்பிவிட்டாள். கடல் தாண்டிய ஊரில் அவளுக்குப் பிரசவம் நெருங்கியிருந்தது. படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருமகன் வேலைக்குப் போய்விட்டால் தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட ஆளில்லை. அக்காவுக்கோ பக்கத்துத் தெருவுக்குத் தனியாகப் போகவே உதறல். மாமா கிளம்பினால்தான் அவளும் கிளம்புவாள்.

“எவ்வளவு தூரம் மாப்ள?” என்று என்னைக் கேட்டார்.

செல்போனில் பார்த்துச் சொன்னேன். பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். அதற்கு மனிதர் அசரவில்லை. நேரத்தைச் சொன்னதும்தான் முகம் செத்துவிட்டது.

“பதினாலு மணி நேரமா? நடுவுல எங்கயும் நிறுத்த மாட்டானா?”

“நேரா போற ஃப்ளைட்டு மாமா. இறங்கி ஏறிப் போனா இருபத்திரண்டு மணி நேரம் ஆகும்.”

“அது தேவலையே.”

அக்கா பார்த்த பார்வையில் நான் செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மறுநாளே அக்கா நாற்காலிகளை ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கிப் போட்டு, நடுவில் அவரை உட்கார வைத்தாள். முழங்கால் முன்னால் இடித்தது. பாதம் தாளம் போட்டது. கை தானாக முன் நாற்காலியின் முதுகைத் துடைத்தது. குழாய் சொட்டுகிறது என்று எழுந்தார். வாசலில் யாரோ என்று எழுந்தார். வாசலில் ஒரு ஈ காக்கை இல்லை.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? “மாமா, ஃப்ளைட்டு இன்னும் கிளம்பவே இல்லை” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “மூச்சு முட்டுது மாப்ள. மேல போனப்புறம் நான் எழுந்து கதவைத் தட்டினா என்ன பண்றது?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது, மனிதர் நிஜமாகவே பயந்துபோயிருக்கிறார். கிண்டல் செய்த வாயை நானே கடித்துக்கொண்டேன்.

வரவில்லை என்று மகளிடம் சொல்லிவிடுவதாக முடிவு செய்து, ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் போட்டார். பேசும்போதும் கூடத்துக்கும் சமையலறைக்கும் ஓயாத நடை.

“அப்பா, ஒரு இடத்துல நில்லுங்க. எனக்குத் தலை சுத்துது.”

நின்றார். சொல்ல வந்தது வரவில்லை. வேறு ஒன்று வந்தது.

“ஏம்மா, நீ முதல் தடவை படிக்கப் போனப்ப, அவ்வளவு நேரம் எப்படித்தான் உக்காந்திருந்த?”

“அழுதுட்டே போனேன்ப்பா. ஊர் வந்ததே தெரியலை.”

சாதாரணமாகத்தான் சொன்னாள். குளிர் எப்படி, சாப்பாடு எப்படி என்று அப்போது ஆளாளுக்குக் கேட்டோம். இதை ஒருத்தரும் கேட்கவில்லை.

“பக்கத்துல இருந்தவங்க என்னன்னு கேக்கலையா?” என்றார் மாமா.

“பக்கத்து சீட்டு காலிப்பா.”

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“வந்துடறேம்மா” என்றார். எப்படி உட்காரப் போகிறார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.