அம்மாவின் காதில் சொன்னது

புதுப் பனியனின் உறையைப் பிரித்ததும் வந்த பஞ்சு வாசம், இப்போது அடுக்குமாடிகள் எழும்பிவிட்ட எங்கள் மில் லைன் வீடுகளுக்கு என்னை இழுத்துப்போனது. பனியனுக்கு நூல் நூற்கும் அந்த மில்லில் வேலை பார்த்த அம்மா, புருவத்திலும் தலைமுடியிலும் ஒட்டிய பஞ்சோடு ஷிப்ட் முடிந்து வருவாள். இயந்திர இரைச்சலில் காது மந்தமாகிவிட்டதால் வீட்டிலும் கத்தியே பேசுவாள், நாங்களும் கத்தியே பதில் சொல்வோம்.

ஒரு பள்ளிக்கூட லீவு நாளில் நானும் அவளோடு மில்லுக்குப் போயிருந்தேன். மில் ஓடவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றவர்களிடம் மேனேஜர் தணிந்த குரலில் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனார். பெண்கள் அழத் தொடங்கினார்கள். அம்மா குழம்பிப்போய், "அவரு என்ன சொன்னாரு அம்மணி?" என்று என்னிடம் கேட்டாள்.

"மில்ல மூடிப்போட்டாங்களாம் அம்மா" என்று கத்தினேன்.

இரைச்சலே இல்லாத அந்தத் தெரு முழுக்க அது கேட்டது. அம்மா காதருகே கையைக் குவித்துக்கொண்டு, "இன்னொருக்கா சொல்லு" என்றாள்.