பேனரில் டிரேடர், ஃபாரத்தில் யார்?

போன ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மதியச் சாப்பாடு. என் தம்பி மகள் தர்ஷினிக்கு மாப்பிள்ளை வீட்டில் வைத்த விருந்து. பிள்ளைகள் இரண்டும் தங்களுக்குள் எப்போதோ பேசி முடித்துவிட்டார்கள். நாங்கள் போனது தேதியையும் மண்டபத்தையும் முடிவு பண்ண.

மாப்பிள்ளையின் அப்பா சிவராசா. யாழ்ப்பாணத்துக் குடும்பம், பரம்பரையாக அரசாங்க உத்தியோகம். அளந்துதான் பேசுவார். என் தம்பி சேகரின் தட்டில் கோழிக்கறியை வைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"உங்கட பேனர் பாத்தனான். ஃபுல்டைம் கிரிப்டோ டிரேடர் எண்டு போட்டிருந்தது. அப்ப நீங்கள் வருஷா வருஷம் பி ஃபாரமோ போடுறனீங்கள்?"

சேகரின் கை வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றது.

தர்ஷினி எங்களிடம் "அங்கிள் கவர்மென்ட்ல இருந்தாரு" என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள். எந்த கவர்மென்ட் ஆபீஸ் என்று யாராவது கேட்டோமா? கேட்டிருக்கணும். மனுஷர் முப்பது வருஷம் வருமான வரி இலாகாவில் இருந்தவர்!

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சம்பளக்காரர்கள் போடுவது பிஇ ஃபாரம். சொந்தமாக வியாபாரம் செய்கிறவர்கள் போடுவது பி. சேகர் போர்ட் கிள்ளானில் ஒரு கண்டெய்னர் டிப்போவில் ஷிப்ட் சூப்பர்வைசர். வருஷா வருஷம் பிஇ. உட்கார்ந்து போட்டுக் கொடுப்பது யார்? சாட்சாத் அடியேன்தான். அதனால் நானும் மாட்டிக்கொண்ட மாதிரிதான்.

பேனர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கிள்ளானில் எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவுக்கு அன்னதானம் உபயம் செய்தால், உபயக்காரர் படத்தோடு பேனர் கட்டுவார்கள். படத்துக்குக் கீழே பெயர், பெயருக்குக் கீழே தொழில். அரசாங்கப் பட்டம் வாங்கியவர் என்றால் டத்தோ என்று இருக்கும், டாக்டர் என்று இருக்கும், லோரி கம்பெனி முதலாளி என்று இருக்கும். ஷிப்ட் சூப்பர்வைசர் என்று யாராவது போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நானும் பார்த்ததில்லை. என் தம்பி 'ஃபுல்டைம் கிரிப்டோ டிரேடர்' என்று போட்டுக்கொண்டான். கோட்டு சூட்டோடு... அந்தக் கோட்டு என் வீட்டுக்காரருடையது.

சரி, இதில் என்ன பெரிய சிக்கல் என்கிறீர்களா? இருக்கிறது. கல்யாண மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் அவன் வைத்திருப்பதே கிரிப்டோ காயினை விற்ற லாபம்தான். சிவராசா அதைப் புட்டுப் புட்டு வைத்தார்.

"வாங்கி, கனகாலம் வெச்சிருந்து, பிறகு விக்கிற ஆள் முதலீட்டாளர். அந்த லாபத்துக்குத் தனிமனிதருக்கு இங்க பொதுவா வரி இல்லை. ஆனா அடிக்கடி வாங்கி வித்து, அதையே தொழிலாச் செய்தால் அது பிசினஸ். லாபம் முழுக்க வருமானம். வரி கட்டத்தான் வேணும். எந்தப் பக்கம் எண்டு பாக்கேக்க, எத்தனை தரம் வித்தீங்கள், எவ்வளவு நாள் வெச்சிருந்தீங்கள், என்ன எண்ணத்தில வாங்கினீங்கள்... எல்லாம் பாப்பினம்."

கொஞ்சம் நிறுத்தி, "ஊருக்கு உங்களை என்ன எண்டு சொன்னீங்கள் எண்டும் பாப்பினம்" என்றார். சிரிக்கவே இல்லை.

பாருங்கள் வேடிக்கையை! இத்தனை நாளாக டிரேடர், டிரேடர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டவன், இப்போது டிரேடர் இல்லை என்று நிரூபித்தால்தான் மண்டபக் காசு முழுசாகக் கையில் நிற்கும். அதுவும் யார் முன்னால்? யாரை அசத்த வேண்டும் என்று நினைத்தானோ, அதே சம்பந்தி முன்னால்.

"எத்தனை தரம் வாங்கி வித்தனீங்கள்?"

சேகர் என்னைப் பார்த்தான். நான் அப்பளத்தைப் பார்த்தேன்.

"ஒரு தடவை வாங்குனேன் அங்கிள்" என்றான். பதற்றத்தில் சம்பந்தியையே அங்கிள் ஆக்கிவிட்டான். "ஒரு தடவைதான் வித்தேன்."

"இடையில?"

"இடையில... ஒண்ணும் பண்ணல."

"ஏன் பண்ணேல்லை? விலை ஏறி இறங்கினதே?"

சேகர் தண்ணீர் குடித்தான். தர்ஷினி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

"காயின் வெச்சிருந்த வாலட்டைத் திறக்க முடியல லா" என்றான் கடைசியில். "பன்னெண்டு வார்த்தை குடுப்பாங்க, அதை வெச்சுத்தான் திறக்கணும். டிப்போ ஷிப்ட் ரோஸ்டர் பேப்பருக்குப் பின்னால எழுதி வெச்சேன். அந்தப் பேப்பரைக் காணோம். நாலு வருஷம் தேடுனேன். போன தீபாவளிக்கு வீடு கழுவுறப்பதான் என் வைஃப் கண்டுபிடிச்சா, டிராயர்ல ஸ்பேனருக்கு அடியில விரிச்சிருந்துச்சு. அந்த வாரமே வித்துட்டேன், மக கல்யாணத்துக்குன்னு."

ஆக, அந்த ஃபுல்டைம் டிரேடர் பேனரில் சிரித்துக்கொண்டிருந்த காலம் முழுக்க, அவருடைய காயின் ஸ்பேனருக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

சிவராசா வாயைத் திறந்து சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "இதைவிட நல்ல முதலீட்டாளரை நான் சர்வீஸ்ல கண்டதே இல்லை. வாங்கின ரசீதையும் வித்த ரசீதையும் பத்திரமா வெச்சிருங்கோ. அந்த ரோஸ்டர் பேப்பரையும்."

உடனே நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அதிகாரிக்கு ரிட்டயர்மென்ட் உண்டு, அவர் மூளைக்குக் கிடையாது. "வேற ஏதும் வருதோ?" என்றார். வந்தது. விற்றதுபோக மிச்சம் இருந்த கொஞ்சம் காயினை ஒரு ஆப்பில் பூட்டி வைத்திருக்கிறான். அதற்கு மாதாமாதம் சில்லறையாகக் காயின் கொடுக்கிறார்கள். அது விற்ற லாபம் இல்லை, வருமானம் மாதிரி என்றார். வந்த அன்றைய விலையைக் குறித்துவைத்து ஃபாரத்தில் காட்டிவிடுங்கள் என்றார். அப்புறம் அந்த கிளாஸ். ஆமாம், வாலட்டைத் திறக்கத் தெரியாத காலத்தில் என் தம்பி ஆளுக்கு ஐம்பது வெள்ளி, அதாவது ஐம்பது ரிங்கிட், வாங்கிக்கொண்டு கிரிப்டோ கிளாஸ் எடுத்தான். டீயும் கறிபஃப்பும் இலவசம். அந்தக் கட்டணமும் வருமானம்தான். நானும் ஐம்பது வெள்ளி கட்டிய மாணவி என்பதை இங்கே வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அதுவரை வாயே திறக்காமல் இருந்த மாப்பிள்ளை கஜன் அப்போது குறுக்கே வந்தான். பையன் டிசைனர். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு லோகோ வரைந்து கொடுக்கிறான்.

"அப்பா, எனக்கு அவங்க காயினாத்தானே தாறாங்க. நான் இன்னும் ரிங்கிட்டா மாத்தவே இல்ல. மாத்தினாத்தானே டாக்ஸ்?"

இந்த முறை கோழிக்கறியோடு நின்ற கை சிவராசாவுடையது.

"வேலை செய்ததுக்குச் சம்பளத்தை அரிசியாத் தந்தாலும் அது சம்பளம்தான் தம்பி" என்றார் மகனிடம், குரலே மாறிப்போய். "எவ்வளவு காலமா?"

"ரெண்டு வருஷம்..."

வரி இலாகாவில் ஊரையே கேள்வி கேட்டவர், ஒரே வீட்டில் பக்கத்து அறையில் இருந்தவனைக் கேட்கவில்லை. நம் வீட்டு ஆள் என்றால் நாம் எதைத்தான் கேட்கிறோம்? சேகர் எழுந்து போய்ச் சம்பந்தி தட்டில் ஒரு துண்டு கோழியை வைத்தான். "பரவால்ல லா அங்கிள், பாத்துக்கலாம்" என்றான். அந்த நிமிஷத்தில்தான் இரண்டு வீடும் சம்பந்தமானது என்று நினைக்கிறேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. தம்பி கிளாஸைக் கேட்டு நான் வாங்கிய காயினை நஷ்டத்துக்கு விற்றேனே, அதை எந்தக் கட்டத்தில் கழிப்பது என்று கேட்டேன். லாபத்துக்கு வரி இல்லாத ஆளுக்கு நஷ்டத்துக்கும் கழிவு இல்லையாம். நல்ல நியாயம்! சந்தேகம் இருந்தால் நீங்களும் நல்ல கணக்காளரைக் கேளுங்கள். தயவுசெய்து என்னைக் கேட்காதீர்கள்.

திரும்பி வரும்போது சேகர்தான் காரை ஓட்டினான். கிள்ளான் போகும் வழியில் சுபாங் தாண்டியதும், "அக்கா, நான் டிப்போவுலதான் வேல பாக்குறேன்னு அவருக்குத் தெரிஞ்சிருச்சு இல்ல?" என்றான். எனக்குச் சட்டென்று மனசு கனத்துவிட்டது. இருபத்தெட்டு வருஷம் இரவும் பகலும் ஷிப்ட் பார்த்துப் பிள்ளையை யூனிவர்சிட்டி வரை படிக்க வைத்தவன், அதைச் சொல்லிக்கொள்ள ஒரு பேனரில் இடமில்லை என்று நினைத்துவிட்டானே! எனக்கு அவன்மேலும் கோபம் வந்தது, எங்கள் எல்லார் மேலும் கோபம் வந்தது.

நேற்று கோயிலிலிருந்து போன் வந்ததாம், இந்த வருஷ பேனருக்குத் தொழில் என்ன போடுவது என்று. 'டிப்போ சூப்பர்வைசர், போர்ட் கிள்ளான்' என்று போடச் சொல்லியிருக்கிறான்.

கோட்டை மட்டும் இன்னும் திருப்பித் தரவில்லை.