விசில் ஊசி

எம் பொண்ணோட கழுத்து வீக்கத்தைப் பத்தி என் நாத்தனார் சொன்னதை நம்பாதீங்க டீச்சரம்மா. மணப்பாறையிலேருந்து வரும்போதே முறுக்கோட தீர்ப்பையும் கட்டி எடுத்துட்டு வர்றவ. "அண்ணி, எய்ட்ஸ் மாத்திரைதான் உங்க பொண்ணுக்கு ஒத்துக்கலை, நிறுத்துங்க"ன்னா. முறுக்கு நல்லாத்தான் இருந்துச்சு, உங்களுக்கும் எடுத்து வெச்சிருக்கேன்.

எம் பொண்ணும் நிறுத்திடறேன்னு உக்காந்துட்டா. அவளைச் சொல்லிக் குத்தமில்லை. மாத்திரை ஆரம்பிச்சு, ஒடம்பு தேறி, ஆசையா நாலு வாய் சாப்பிட்டா. பாத்தா காய்ச்சல், எலுமிச்சம்பழம் மாதிரி கழுத்துல வீக்கம். ஸ்ரீரங்கத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பஸ் ஏறி எறங்கி எனக்கு முட்டியே தேஞ்சு போச்சு.

நேத்து டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். "ஏங்க, எதிர்ப்பு சக்தியை ஒரே ஊசியில ஏத்திவிட முடியாதா? இவ தினமும் மாத்திரையோட மல்லுக்கட்டுறா."

டாக்டரு சின்னப் பொண்ணுதான். சிரிச்சுக்கிட்டே, "உங்க ஃபிளாட்டுல வாட்ச்மேன் இருக்காராம்மா?"ன்னுச்சு.

"இருக்கான். தூங்குவான்."

"திருடன் வந்தா விசில் ஊதி மத்தவங்களைக் கூப்பிடணும்ல? ஒடம்புல வெள்ளை அணுக்கள்தான் வாட்ச்மேன், அவங்களுக்கும் அப்படி ஒரு விசில் இருக்கு. ஆராய்ச்சியில அதையே நிறைய பேருக்கு ஊசியாப் போட்டுப் பாத்தாங்க. வாட்ச்மேன் எண்ணிக்கை கூடுச்சு. ஆனா வியாதி வர்றது குறையலை."

"அப்ப சம்பளம் தண்டம்!"னேன். எம் பொண்ணு சிரிச்சுட்டா! எத்தனை நாளாச்சு தெரியுமா அந்தச் சிரிப்பைப் பாத்து?

"வாட்ச்மேனைக் கொல்ற கிருமியை அடக்குறது இந்த மாத்திரைதான். இப்ப அவங்க முழிச்சு, உள்ள பதுங்கியிருந்த டிபியைப் பாத்துட்டாங்க. ஒரேயடியா விசில் ஊதுறாங்க, அதான் காய்ச்சலும் வீக்கமும். டிபிக்கும் மருந்து தரேன். ஆனா இதை நிறுத்தாதீங்க"ன்னுச்சு.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டலை, நாத்தனார் போனு. "நிறுத்தியாச்சா?"

எம் பொண்ணு போனை வாங்கி, "அத்தை, இப்பத்தான் முழிச்சிருக்காங்க. திரும்பத் தூங்க வைக்கச் சொல்றீங்களா?"ன்னா. நாத்தனாருக்கு ஒண்ணும் புரியலை, வெச்சுட்டா.

எம் பொண்ணு நேத்து ராத்திரி மாத்திரையை முழுங்கிட்டா. இன்னைக்கும் முழுங்கணுமே, அதுதான் எனக்கு...

என்னடி? மாத்திரை போடணுமா? வெறும் வயித்துல வேண்டாம், இரு இரு! டீச்சரம்மா, ஒரு வாய் ரசஞ்சாதம் கரைச்சுக் குடுத்துட்டு வந்துடறேன்.